நாளுக்கு ஒரு படி: ஓவியர் ராஜா ரவி வர்மா

எங்கள் திருத்தணியில் 365 என்ற எண்ணைத் தெரியாதவர் இல்லை. மலைக்கோயிலுக்கு ஏறிச் செல்லும் படிகளின் எண்ணிக்கை அது. ஆண்டின் ஒரு நாளுக்கு ஒரு படி என்று இங்குள்ள சிறு பிள்ளையும் சொல்லும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று படித் திருவிழா நடக்கிறது. நம் இந்து சகோதரர்கள் படிக்குப் படி நின்று, திருப்புகழ் பாடி மேலே ஏறுவார்கள். அதே இரவில் நாம் ஆலயத்தில் ஆண்டு முடிவு நன்றி வழிபாட்டுக்குக் கூடுகிறோம். ஓர் ஆண்டை ஒரே தாவலில் யாரும் கடப்பதில்லை. ஒவ்வொரு நாளாகத்தான் கடக்கிறோம். இந்த எண்ணத்தை எனக்கு மீண்டும் நினைவூட்டியவன் ஒரு பள்ளி மாணவன்.

ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையன் பத்தாம் வகுப்பு. கையில் கணக்கு நோட்டு. அதன் பின்பக்கங்கள் முழுவதும் படங்கள். வாள் ஏந்திய வீரர்கள், நீண்ட சடைப் பெண்கள், தாடி வைத்த முனிவர்கள், கொம்பு முளைத்த அரக்கர்கள். கார்ட்டூன் படங்களுக்குக் கதாபாத்திரங்களை வரைந்து கொடுக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காகச் சனிக்கிழமைதோறும் பேருந்து ஏறிப் பக்கத்து ஊரில் ஓர் ஓவிய வகுப்புக்கும் போய்வந்தான். அங்கே அவனுடைய படங்களைப் பார்த்தவர்கள், வீரனுக்கும் முனிவருக்கும் பெண்ணுக்கும் ஒரே முகம்தான் இருக்கிறது, தாடியையும் சடையையும் எடுத்துவிட்டால் யார் யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டார்களாம். பையன் மனம் உடைந்துவிட்டான். கடவுள் எனக்கு இந்த வரத்தைக் கொடுத்திருந்தால் ஏன் ஒரு கையைக்கூட ஒழுங்காக வரைய முடியவில்லை என்று என்னிடம் கேட்டான். வகுப்பை நிறுத்திவிடலாமா என்று தாய் கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னேன். அந்த ஒரு வாரத்தில் நான் எடுத்துப் படித்தது ராஜா ரவி வர்மாவின் வாழ்க்கை. அவனுக்குச் சொன்னதை இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

சுவரில் தொடங்கிய படம்

ரவி வர்மா 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தாய் கவிதை எழுதுபவர். தந்தை நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழி கற்றவர். புராணக் கதைகளும் கதகளி ஆட்டமும் பாட்டும் நிறைந்த வீடு அது. தம்பி ராஜ ராஜ வர்மாவும் தங்கை மங்களா பாயியும் பின்னாளில் தூரிகை பிடித்தவர்களே.

சிறு வயதில் ரவி வர்மா கரித்துண்டை எடுத்து அரண்மனைச் சுவர்களில் விலங்குகளையும் மனிதர்களையும் வரைந்துவிடுவாராம். வெள்ளையடித்த சுவர் கெட்டுப்போவதைக் கண்ட வேலையாட்கள் முறையிட்டார்கள். அவருடைய தாய்மாமன் ராஜ ராஜ வர்மா தஞ்சாவூர்ப் பாணியில் படம் வரையத் தெரிந்தவர். அவர் சுவரைப் பார்த்தார். பையனை அடிக்கவில்லை. அருகே உட்கார வைத்துக் கோடு போடவும் வண்ணம் தீட்டவும் சொல்லிக்கொடுத்தார். ரவி வர்மாவின் முதல் வகுப்பறை அந்த வீடு. முதல் ஆசிரியர் தாய்மாமன்.

நம் வீடுகளிலும் சுவரில் கிறுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கிறுக்கலைப் பார்த்து, அடிக்க ஓங்கிய கையைத் தாழ்த்தி, பென்சிலை எடுத்துக் கொடுக்கிற ஒரு மாமனோ அத்தையோ இருந்தால் அந்தப் பிள்ளை பாக்கியம் செய்த பிள்ளை.

திறக்காத கதவுகள்

1862-இல், 14 வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். அப்போதைய மன்னர் ஆயில்யம் திருநாள் கலைகளில் ஆர்வம் உள்ளவர். பையனின் படங்களைப் பார்த்து, தலைநகரிலேயே தங்கி ஓவியம் பயில வழிசெய்தார். அரண்மனையில் இருந்த மேனாட்டு ஓவியப் புத்தகங்களைப் புரட்டவும் அனுமதி கிடைத்தது.

ஆனால் கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. அரண்மனை ஓவியராக இருந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தில் வரைவது அந்நாளில் நம் நாட்டில் சிலருக்கே தெரிந்த வித்தை. நாயக்கர் அதை அறிந்தவர். ரவி வர்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் முன்வரவில்லை. அவரைக் குறை சொல்வது எளிது. அரண்மனை ஆதரவை நம்பிப் பிழைக்கும் ஒரு கலைஞருக்கு, மன்னரின் அன்பைப் பெற்ற ஒரு புதியவனைக் கண்டால் பயம் வருவது இயற்கை. நம் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும், ஏன், நம் பாடகர் குழுக்களிலும்கூட இந்தப் பயத்தை நாம் பார்க்கிறோம்.

நாயக்கரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர் மட்டும், தன் குருவுக்குத் தெரியாமல் வந்து, தான் அறிந்த நுணுக்கங்களை ரவி வர்மாவுக்குச் சொன்னதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆறுமுகம் பிள்ளையின் படங்களை இன்று யாரும் அறியார். ஆனால் ஒரு பெரிய கலைஞனின் கையில் அவர் கொடுத்த பாடமும் கலந்திருக்கிறது.

1868-இல் டென்மார்க்கில் பிறந்த தியோடர் ஜென்சன் என்ற ஓவியர் மன்னர் குடும்பத்தினரின் உருவப்படங்களை வரையத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்றுக்கொடுக்க விரும்பவில்லை. மன்னர் சொன்னதற்காக ஒன்றை மட்டும் அனுமதித்தார். தான் வரையும்போது ரவி வர்மா நின்று பார்க்கலாம்.

ரவி வர்மா நின்று பார்த்தார். வண்ணங்களை எப்படிக் குழைக்கிறார், முதலில் எங்கே நிழல் வைக்கிறார், முகத்தில் ஒளி விழும் இடத்தை எப்படி மிச்சம் விடுகிறார் என்று பார்த்தார். பார்த்ததைத் தன் அறைக்குப் போய்ச் செய்துபார்த்தார். நீர் வண்ணம் விரைவில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும். அதனால் ஒரு நிறத்தை இன்னொன்றோடு மென்மையாக இழைத்துக் கன்னத்தின் உருட்சியையும் பட்டின் மினுக்கையும் காட்ட முடியும். அதே காரணத்தால், பழகாத கையில் எல்லா நிறமும் கலங்கிச் சேறாகிவிடவும் செய்யும். எவ்வளவு எண்ணெய் சேர்ப்பது, துணியை எப்படிப் பதப்படுத்துவது என்பதையெல்லாம் அருகில் இருந்து சொல்ல முறையான ஆசிரியர் இல்லாத நிலையில், கெடுத்துக் கெடுத்துத்தான் அவர் கற்றுக்கொண்டார்.

சென்னையில் அப்போதே அரசு ஓவியப் பள்ளி இருந்தது. 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி அது. ரவி வர்மா அங்கே படித்தவர் அல்லர். அவருக்குக் கிடைத்தவை ஒரு மாமனின் பாடம், ஓர் உதவியாளரின் இரகசியக் குறிப்புகள், ஒரு வெளிநாட்டவரின் தோளுக்குப் பின்னால் நிற்கும் இடம். இவ்வளவையும் இணைத்தது அவருடைய தினசரி உழைப்பு.

இந்த இடத்தில் அந்தப் பையனிடம் சற்று நிறுத்தினேன். உனக்கு வாரத்துக்கு ஒரு நாள் வகுப்பு இருக்கிறது, தவறைத் தவறென்று சொல்ல ஒருவர் இருக்கிறார், ரவி வர்மாவுக்கு அது கிடைக்கவில்லை என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

சென்னையில் கிடைத்த பரிசு

1870-இல் கோழிக்கோட்டில் துணை நீதிபதியாக இருந்த கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனன் தன் குடும்பத்தின் படத்தை வரையச் சொன்னார். கூலி பெற்று ரவி வர்மா வரைந்த முதல் படம் அது. அப்போது அவருக்கு 22 வயது. திருவனந்தபுரத்துக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1873-இல் சென்னையில் நடந்த கலைக் கண்காட்சிக்குக் கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்தை அனுப்பினார். ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் அந்தப் படம் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு, நரம்பிசைக் கருவி ஒன்றை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படம் சென்னையில் மீண்டும் பரிசு வாங்கியது. 1876-இல் துஷ்யந்தனுக்குத் தாமரை இலையில் மடல் எழுதும் சகுந்தலையை வரைந்து அனுப்பினார். ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு அதை விலைக்கு வாங்கிக்கொண்டார். சகுந்தலை நாடகத்தை ஆங்கிலத்தில் தந்த மோனியர் வில்லியம்ஸ் என்ற அறிஞர் தன் நூலின் முகப்பில் அந்தப் படத்தையே வெளியிட்டார்.

பரிசு கிடைத்த பிறகு பலர் பயிற்சியை விட்டுவிடுவார்கள். ரவி வர்மாவின் கடினமான பாடம் பரிசுக்குப் பிறகுதான் தொடங்கியது. 1880-இல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து வந்த மன்னரிடம் அதே ஆதரவு கிடைக்கவில்லை. ரவி வர்மா தலைநகரைவிட்டு வெளியே வந்தார். தம்பி ராஜ ராஜ வர்மாவும் உடன் சென்றார். அண்ணனுக்கு உதவியாளர், செயலர், கணக்குப் பார்ப்பவர், உடன் வரையும் ஓவியர் என எல்லாமாக இருந்தவர் இந்தத் தம்பி. இயற்கைக் காட்சிகளை வரைவதில் தேர்ந்தவர். 1895 முதல் 1904 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இன்று நூலாகக் கிடைக்கிறது. அதைப் படித்தால் இருவருடைய வாழ்வும் எவ்வளவு உழைப்பும் பயணமுமாகக் கழிந்தது என்பது புரியும்.

முகங்களைத் தேடி

1888-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் ஒரு பெரிய பணியைக் கொடுத்தார். இராமாயணம், மகாபாரதம் மற்றும் புராணங்களிலிருந்து 14 காட்சிகளை வரைய வேண்டும். நளனும் தமயந்தியும், சந்தனுவும் மச்சகந்தியும் என்று மக்கள் காலங்காலமாகக் காதால் கேட்டு வந்தவர்களுக்கு இப்போது கண்ணால் காணும் உருவம் தர வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இன்று கார்ட்டூன் படம் எடுப்பவர்கள் செய்கிற அதே வேலைதான் இது. தமயந்தி எப்படி இருப்பாள்? அவளுக்கு என்ன வயது? எந்த நாட்டு உடை? வருத்தம் வந்தால் அவள் தலை எந்தப் பக்கம் சாயும்? சிற்பத்திலும் பழைய சுவரோவியத்திலும் தெய்வ உருவங்கள் உண்டு. ஆனால் தெருவில் நடக்கும் மனிதரைப் போல் இரத்தமும் சதையுமாக அவர்களைக் காட்ட அவை போதவில்லை.

ரவி வர்மா அறையில் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. தம்பியை அழைத்துக்கொண்டு வடநாடு முழுவதும் பயணம் போனார். எல்லாருக்கும் பொதுவான பழங்கால உடை ஒன்று எங்காவது கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு உடை, ஒவ்வொரு நகை, ஒவ்வொரு முக வெட்டு. அதையெல்லாம் பார்த்த பிறகு தன் புராணப் பெண்களுக்குப் புடவையைத் தேர்ந்தெடுத்தார். பல இடங்களில் கண்ட கட்டுகளையும் அணிகலன்களையும் கலந்து ஒரு பொதுத் தோற்றத்தை உருவாக்கினார். இன்று நாடகத்திலும் திரைப்படத்திலும் சீதைக்கும் திரௌபதிக்கும் நாம் எதிர்பார்க்கும் தோற்றத்துக்கு அந்தத் தேர்வு ஒரு முக்கிய காரணம். 14 படங்களும் 1890-இல் முடிந்தன. திருவனந்தபுரத்திலும் பரோடாவிலும் மக்கள் பார்வைக்கு வைத்தபோது கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

மனிதரைப் பார்த்து வரையும் பழக்கத்தை அவர் கைவிடவே இல்லை. 1889-இல் மைசூர் மன்னருக்காக இசைக்கலைஞர்களான பெண்கள் கூடியிருக்கும் பெரிய படம் ஒன்றை வரைந்தார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் அந்தப் படத்தைப் பார்க்கக் கிடைத்தால் நின்று பாருங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் நாட்டு உடை, அவரவர் அமரும் விதம். ஒருவர் பார்வை இசைக்கருவியின்மேல், ஒருவர் பார்வை நம்மேல், இன்னொருவர் எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறார்.

1893-இல் தந்தை வருவதை எதிர்நோக்கிக் குழந்தையோடு நிற்கும் தாயின் படத்தை வரைந்தார். அதற்கு நின்றவர் அவருடைய சொந்த மகள் மகாபிரபா. இடுப்பில் இருப்பது அவருடைய பேரன். அதே காலத்தில், போக்கிடம் இல்லாத ஒரு நாடோடித் தாய் தன் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் படத்தையும் வரைந்தார். அரண்மனையில் பிறந்தவர், சாலையோர ஏழையின் முகத்தையும் அதே கவனத்தோடு பார்த்தார். இவை உட்பட அவருடைய பத்துப் படங்கள் அந்த ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போய்ப் பரிசு பெற்றன.

சகுந்தலையின் இன்னொரு படத்தை நம்மில் பலர் நாட்காட்டியிலோ புத்தகத்திலோ பார்த்திருப்போம். காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்துகொண்டு, தோழியின் தோளைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறாள். அவள் மனம் முள்ளில் இல்லை என்பதைக் கழுத்தின் திருப்பமே சொல்லிவிடுகிறது. கண்ணையும் மூக்கையும் அழகாக வரைந்தால் மட்டும் ஒரு பாத்திரம் உயிர் பெறுவதில்லை. அந்த மனிதர் எதை விரும்புகிறார், எதை மறைக்கிறார் என்பது உடலில் தெரிய வேண்டும். அதற்கு மனிதரை நாள்தோறும் உற்றுப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

வீடுகளுக்குள் வந்த படங்கள்

நம் கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ், ரவி வர்மாவுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். ஒரு படம் ஓர் அரண்மனையில் தொங்கினால் சிலரே பார்ப்பார்கள். அச்சிட்டால் எல்லாரும் பார்க்கலாம். 1894-இல் பம்பாயில் ரவி வர்மா அச்சகம் தொடங்கியது. இயந்திரங்களும் தொழில்நுட்பரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். வண்ணத்துக்கு ஒரு கல் என்ற கணக்கில் சுண்ணாம்புக் கற்களில் படத்தைப் பிரித்து வரைந்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். ஒரு கல் மயிரிழை விலகினாலும் முகம் கெட்டுவிடும். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு. பின்பு இலட்சுமியும் சரசுவதியும் நாடெங்கும் சென்றார்கள். கோயிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாத ஏழைகளின் குடிசைக்குள்ளும் அந்தப் படங்கள் போய்ச்சேர்ந்தன. இதை வரலாற்றாசிரியர்கள் முக்கியமாகக் குறிப்பிடுகிறார்கள்.

அந்நாளில் சென்னையிலிருந்து பம்பாய்க்கு இரயிலில் போகிறவர்கள் அரக்கோணம் தாண்டி எங்கள் திருத்தணி வழியாகத்தான் போனார்கள். பம்பாயில் அச்சான காகிதத் தெய்வங்களும் அதே பாதையில் தெற்கே வந்திருக்கும். பங்கில் வீடு மந்திரிக்கப் போகும்போது நம் வீடுகளில் திருஇருதய ஆண்டவரின் பழைய படங்களைப் பார்க்கிறேன். ஐரோப்பாவிலிருந்து வந்த அத்தகைய பழைய படங்கள் பலவும் இதே கல்லச்சு முறையில் உருவானவைதான். அடுத்த வீட்டில் அதே ஆணியில், அதே கண்ணாடிச் சட்டத்தில் ஆறுமுகரும் வள்ளி தெய்வானையும் இருப்பார்கள். இரண்டு வீட்டுத் தாய்மாரும் அந்தப் படங்களுக்கு முன்னால்தான் தங்கள் பாரத்தை இறக்கி வைக்கிறார்கள். ஒரு முகத்தை வரைகிறவர் எவ்வளவு பொறுப்பான வேலையைச் செய்கிறார் என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அச்சகம் ரவி வர்மாவுக்கு நிம்மதி தரவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியது. 1899-இல் லோனாவாலாவுக்கு அருகே மளவலி என்ற இடத்துக்கு அச்சகத்தை மாற்றினார்கள். கடன் ஏறியது. 1900-க்குப் பின் சில ஆண்டுகளுக்குள், அங்கே பணியாற்றிய ஜெர்மானியத் தொழில்நுட்பர் பிரிட்ஸ் ஷிலைகருக்கே அதை விற்றுவிட நேர்ந்தது. ஊருக்கெல்லாம் படம் கொடுத்தவருக்கு அதில் செல்வம் சேரவில்லை.

விமர்சனமும் வந்தது. அவருடைய படங்கள் மேனாட்டைப் பின்பற்றுகின்றன, நாடக மேடைபோல் இருக்கின்றன, இந்திய மரபின் ஆழம் அவற்றில் இல்லை என்று ஆனந்த குமாரசுவாமியும் சகோதரி நிவேதிதாவும் எழுதினார்கள். அந்த விமர்சனத்தில் உண்மை இல்லை என்று தள்ளிவிட முடியாது. அவருடைய தேவியர் பலருக்கு ஒரே சாயல் இருப்பதையும் பார்க்கிறவர்கள் சொல்வதுண்டு. ஆம், ஒரே முகம் என்ற குறை இந்த மாபெரும் கலைஞர்மீதும் சொல்லப்பட்டது. இதைக் கேட்டபோதுதான் எங்கள் பையன் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினான்.

கடைசி நாட்கள்

1904-இல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கியது. ஆனால் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே, 1905 ஜனவரியில், தம்பி ராஜ ராஜ வர்மா இறந்துபோனார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஒன்றாகப் பயணம் செய்து, ஒரே துணியில் இருவரும் தூரிகை ஓட்டிய உறவு அது. ரவி வர்மாவின் உடல்நலமும் குன்றியது. அந்த நிலையிலும் மைசூர் அரண்மனைக்கான படங்களை வரைந்துகொண்டிருந்தார். 1906 அக்டோபர் 2-ஆம் நாள் பிறந்த ஊரான கிளிமானூரில் 58-ஆம் வயதில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற தடம் நீண்டது. அவருடைய அச்சகத்தோடு சிலகாலம் தொடர்புகொண்டு பணிசெய்த தாதாசாகேப் பால்கே 1913-இல் ராஜா ஹரிச்சந்திரா படத்தை எடுத்து இந்தியத் திரைப்படத்துக்கு வழிதிறந்தார். தமிழ்நாட்டில் சி. கொண்டைய ராஜு (1898-1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, கோவில்பட்டியில் தங்கி, மாணவர்களை உடன் வைத்துப் பழக்கி, நம் நாட்காட்டிகளுக்குத் தெய்வப் படங்களை வரைந்தார். தனக்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் தவித்த ஒருவரின் படங்கள், அடுத்த தலைமுறை ஓவியர்கள் பலருக்குப் பார்த்துப் பழகும் பாடமாயின. 1979-இல் இந்திய அரசு ரவி வர்மாவின் ஓவியங்களை நாட்டின் கலைச் செல்வம் என்று அறிவித்தது. அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் விற்க முடியாது.

நமக்கு

இந்த வாழ்க்கை நமக்குச் சொல்வது என்ன? திறமை என்பது நம் கையில் கொடுக்கப்பட்ட விதை. ரவி வர்மாவுக்கு அது நிறையவே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் 14 வயதில் தலைநகருக்கு வந்தவர், 25 வயதில்தான் சென்னைப் பதக்கத்தைப் பெற்றார். இடையில் இருந்த 11 ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவற்றின் நாட்கள் நான்காயிரத்தைத் தாண்டும். எங்கள் மலைப்படிகளை 11 முறை ஏறி முடிக்கும் கணக்கு அது.

வகுப்பு தேவை. தவறைக் காட்ட இன்னொருவரின் கண் வேண்டும். ஆனால் வகுப்பு வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற ஆறு நாட்கள் நம்முடையவை. அந்தப் பையனுக்கு நான் ஓவியம் கற்றுத்தர முடியாது. எனக்கு ஒரு மாடுகூட வரையத் தெரியாது. ரவி வர்மாவின் வாழ்விலிருந்து மூன்று பழக்கங்களை மட்டும் சொன்னேன். முதலாவது, நாள்தோறும் ஒரு பக்கம், தேதி போட்டு. நன்றாக வராவிட்டாலும் கிழிக்கக் கூடாது. இரண்டாவது, நல்ல ஓவியர் ஒருவரின் படத்தை எடுத்து, நிழல் எங்கே, ஒளி எங்கே என்று பார்த்துப் பார்த்து வரைந்து பழக வேண்டும். மூன்றாவது, மனதிலிருந்து ஒரு முகத்தை வரையும் முன் நேரில் ஐந்து முகங்களைப் பார்த்து வரைய வேண்டும். கை வரவில்லையா? வலது கையால் வரையும்போது இடது கை சும்மாதான் இருக்கிறது. அதைப் பார்த்து வரையலாம். காசு செலவில்லாத மாதிரி.

தாயிடம், வகுப்பை நிறுத்த வேண்டாம், பத்தாம் வகுப்புப் பாடமும் கெடாமல் நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள் என்றேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அவன் தன் புது நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். திருத்தணி பேருந்து நிலையத்தில் பூ கட்டும் அம்மா, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுச் சில்லறை எண்ணும் நடத்துநர், சித்தூரிலிருந்து வந்து தெலுங்கில் பேரம் பேசும் வியாபாரி, படிக்கட்டில் மொட்டைத் தலையோடு அழும் குழந்தை. கைகள் இன்னும் சரியில்லை. சில விரல்கள் வெண்டைக்காய்போல் இருந்தன. அதை அவனே சொல்லிச் சிரித்தான். ஆனால் முகங்கள் வேறு வேறாக இருந்தன. பூ கட்டும் அம்மாவை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அவரைக் கடந்துபோகிறேன். அவருடைய இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருப்பதை அந்தப் படத்தில்தான் கவனித்தேன். அடுத்த நாள் நின்று அவருடைய பெயரைக் கேட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். வரைகிற பிள்ளை, பாடுகிற பிள்ளை, தச்சு வேலையில் ஆசையுள்ள பிள்ளை. உங்களுக்கே ஒரு காலத்தில் ஆசைப்பட்டு விட்டுவிட்ட ஒரு கலை இருக்கலாம். வரம் இருக்கிறதா இல்லையா என்று கவலைப்பட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். இன்றைய படியில் காலை வையுங்கள். நாளையதை நாளைக்கு ஏறலாம்.

சிந்திப்போம். செயல்படுவோம்.